பொன்னாடை போர்த்திய பெட்டி

முழுமையான அமைதி என்பது மனித குலத்துக்கு இதுவரை ஒரே ஒரு முறைதான் வாய்த்திருக்கிறது. 2043ஆம் ஆண்டு, தை மாதம், ஒரு புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, ஆலங்கரையில் அது நிகழ்ந்தது. ஞானிகள் குகைகளில் தேடியதும், மன்னர்கள் போர்களுக்குப் பின் தேடியதும் அதைத்தான்.

மருத்துவமனை டைரக்டர் டாக்டர் வீரபாகு எல்லா மேடைகளிலும் இப்படித்தான் தொடங்குவார். அமைதி நிகழ்ந்த இடம் ஆலங்கரை அரசு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், ஆண்கள் கழிப்பறைக்கு அடுத்த அறை என்பதை அவர் சொல்வதில்லை. அமைதியாக இருந்தது ஒரு கரண்டுப் பெட்டி. அதற்கு மூடி கிடையாது.

பெட்டியை வடிவமைத்தவள் தமயந்தி. அணுக்களைக் குளிரவைத்து ஆராயும் கூடங்களில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவள். மருத்துவமனையில் அவளுக்கு இன்ஜினியரம்மா என்று பெயர். லிஃப்ட் நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

பெட்டியைச் சேர்த்து அந்த ஏற்பாட்டுக்கு இதயக் காந்த நிலையம் என்று பெயர். மூன்றாம் மாடியின் அறுபது படுக்கைகளுக்கும் அது ஒன்றே காது. ஓர் இதயம் தடுமாறப் போவதை ஆறு மணி நேரத்துக்கு முன்பே கண்டுபிடித்து, பெரிய திரையில் அந்தப் படுக்கையின் பச்சை விளக்கை மஞ்சளாக்கும். ஆபத்து நெருங்கினால் சிவப்பாக்கும். பதினான்கு மாதங்களில் நாற்பத்தொரு பேர் அதனால் பிழைத்திருந்தார்கள். பதினான்கு மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்துக்கு, அடுத்த வருடம் பங்குனியில் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, அமைச்சர் வந்து திறப்பு விழா.

அன்று காலை எட்டு மணிக்குத் தமயந்தி பதினேழாம் படுக்கைக்குப் போனாள். ஏழு மணியிலிருந்து அது மஞ்சள். அங்கே படுத்திருந்தவர் செய்யது, பேருந்து நிலையத்துக்கு எதிரே முப்பது வருடமாகப் புரோட்டா மாஸ்டர். வார்டு டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டு, திரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போயிருந்தார்.

"இன்ஜினியரம்மா, எனக்கு ஒண்ணு வெளங்கல" என்றார் செய்யது. "நெஞ்சுல வயரு இல்ல. விரல்ல கிளிப்பு இல்ல. அங்கன தாவாரத்துல தொங்குற குமிழுக்கு என் நெஞ்சடிப்பு எப்படித் தெரியுது?"

"உங்க இதயம் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் குட்டிக் காந்தம் மாதிரி ஆகுது பாய். ரொம்ப ரொம்பக் குட்டி. அந்தக் குமிழுக்குள்ள இருக்கிற அணுக்கள் அதை உணரும்."

"அப்ப உங்க பெட்டி எதுக்கு?"

"குமிழைச் சுத்திச் செம்புக் கம்பி இருக்குல்ல, அதுல ஓடுற கரண்டு அப்படியே நிக்கணும். பத்துக் கோடியில ஒரு பங்கு ஏறி இறங்கினாக்கூட, அசைஞ்சது உங்க நெஞ்சா என் கரண்டான்னு அணுக்களுக்குத் தெரியாது."

செய்யது கூரையைப் பார்த்து யோசித்தார்.

"கல்லு" என்றார்.

"என்ன?"

"புரோட்டாக் கல்லும்மா. கல்லுச் சூடு நெதானமா நின்னாத்தான் மாவு எப்படின்னு சொல்ல முடியும். சூடு ஏறி இறங்குச்சுன்னா, கருகுனது மாவாலயா கல்லாலயான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. முதலாளி மாஸ்டரைத்தான் திட்டுவான்."

இதை விளக்கத் தமயந்தி பதினொரு பக்கக் கட்டுரை எழுதியிருந்தாள்.

"ஆகக்கூடி, ஒரு மாத்தமும் இல்லாம இருக்கிறதுதான் உங்க பெட்டிக்கு வேலை."

"ஆமா பாய்."

"கெவுருமெண்டு ஆஸ்பத்திரிக்குன்னே செஞ்ச பெட்டி."

பக்கத்தில் வந்து நின்ற சிஸ்டர் கற்பகவல்லி சிரித்தாள். அவள் கையில் சிவப்பு வெல்வெட் தைத்த பெரிய தட்டு. அதில் சந்தனம், குங்குமம், மடித்து அடுக்கிய பொன்னாடைகள். எந்த விழாவானாலும் டாக்டர் வீரபாகு அந்தத் தட்டைத்தான் எடுக்கச் சொல்வார். கனமான உலோகம், நாலு பக்கமும் விளிம்பு, அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். விழா இல்லாத நாட்களில் தமயந்திக்கு டீ வருவதும் அதில்தான்.

"பாருங்க மேடம், வெள்ளை யூனிஃபார்ம்ல பூராக் குங்குமம்" என்றாள் சிஸ்டர். "இந்தத் தட்டு மூலையில எங்கேயோ ஒழுகுது. எட்டு மணிக்கே வாசல்ல நிக்கச் சொல்லிட்டாங்க."

"அப்போ திரையை யார் பாப்பாங்க?"

"திரையை அமைச்சர் பாப்பாரு."

முன்பு அந்த மாடியில் எட்டு நர்சுகள் இருந்தார்கள். மனிதக் காதைவிட அணுக்களின் காது கூர்மையானது என்று அரசுக்கு அறிக்கை போனதும், ஏழு பேர் வேறு ஊர்களுக்கு மாற்றப்பட்டார்கள். மிஞ்சிய ஒருத்தி கற்பகவல்லி. வரவேற்புக்கு ஒரு பெண் வேண்டும் என்று டாக்டர் வீரபாகு கேட்டபோது அந்த மாடியில் தமயந்தியைத் தவிர வேறு பெண் இல்லை. தமயந்தியைக் கேட்கத் தயங்கினார். அவள் தட்டைப் பற்றி ஏதாவது கேள்வி கேட்பாள்.

"பாய், உடம்புக்கு ஏதாவது செஞ்சா பெல் அடிங்க" என்றாள் தமயந்தி.

"விழா முடியிற வரைக்கும் பெல் அடிக்கக் கூடாதாம்மா. காலையிலயே சொல்லிட்டாங்க. எது வந்தாலும் அமைச்சர் போன பொறவுதான் வரணும்."

அந்தத் தை மாதப் புதன்கிழமை பற்றியும் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலையில் தானே பாகம் பாகமாகப் பெயரெழுதி அனுப்பிய பெட்டி வந்து இறங்கிய நாளில் தமயந்தி நாற்பத்து மூன்று படிவங்களில் கையெழுத்திட்டாள். பிறகு பார்த்தால் மூடியைக் காணோம். மூடி வேண்டும் என்று மூன்று கடிதம் எழுதினாள். மூடி உட்பட எல்லாம் பெறப்பட்டதாகத் தங்கள் கையெழுத்தே உள்ளது என்று மூன்று முறையும் பதில் வந்தது. மூடியில்லாத பெட்டியின் கரண்டு நாள் முழுக்க நடுங்கியது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல்தான் காரணம் என்று அவள் நினைத்தாள். அந்தப் புதன்கிழமை மதியம் ஒரு கெப்பாசிட்டரை மாற்றிப் பார்த்தாள். அதே நேரத்தில் டாக்டர் வீரபாகு பரிவாரத்துடன் அறைக்குள் வந்து, பெட்டியின் பெருமை பற்றிப் பத்து நிமிடம் பேசி, அதற்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். மூன்று பத்துக்குக் கரண்டு அடங்கியது. அதற்குப் பிறகு அசையவே இல்லை.

பெட்டி தன் உரையைக் கேட்டு அடங்கியதாக டாக்டர் வீரபாகு நம்பினார். அதற்கு வீரபாகு அமைதி என்று பெயரிட்டு, மூன்று வெளிநாடுகளில் பேசினார். தமயந்தி இதைக் கேட்டு மனசுக்குள் சிரித்துக்கொண்டு, கெப்பாசிட்டரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டாள். மூடியே தேவைப்படாத முதல் வடிவமைப்பு என்று அதில் ஒரு வரி உண்டு. பொன்னாடை பெட்டியின் மேலேயே கிடந்தது. டைரக்டர் போர்த்திய பொன்னாடையை எடுக்கும் துணிச்சல் பெருக்குகிறவர்களுக்கும் இல்லை.

விழாவுக்கு முந்தின வாரம் டாக்டர் வீரபாகு அவளைக் கூப்பிட்டிருந்தார்.

"தமயந்தி, அமைச்சர் முன்னாடி திரை ஒரு நொடிகூட இருட்டாகக் கூடாது."

"சிக்னல் போனா இருட்டாகத்தான் சார் செய்யும். கேக்கலைன்னா கேக்கலைன்னு காட்டணும்."

"கேக்கலைன்னா, ஒவ்வொரு படுக்கையும் கடைசியாப் பச்சையா இருந்தப்போ கேட்டதையே திருப்பித் திருப்பிக் காட்டட்டும். அரை மணி நேரம். யாருக்குத் தெரியப் போகுது?"

"நமக்குத் தெரியுமே சார்."

"நமக்குத்தானே."

பதினான்கு மாதமாக அசையாத கரண்டு அந்த அரை மணி நேரத்திலா அசையப் போகிறது என்று தமயந்தியும் நினைத்தாள். நாலே வரியில் புரோகிராம் எழுதிக் கொடுத்தாள்.

விழா பத்தரைக்குத் தொடங்க வேண்டியது, பத்து நாற்பதுக்கே தொடங்கிவிட்டது. மாடிக் கோடியில் கூட்ட அறை. மேடைக்குப் பின்னால் திரையில் அறுபது இதயங்கள் பச்சையிலும் ஒன்றிரண்டு மஞ்சளிலும் துடித்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு கண்ணாடிப் பேழை. இதயம் கேட்க மனிதன் பயன்படுத்திய பழங்காலக் கருவிகள் என்று அதில் எழுதி, உள்ளே ஒரு ஸ்டெதஸ்கோப்பை வைத்திருந்தார்கள். அது கற்பகவல்லியுடையது.

பதினொரு விருந்தினர், பதினொரு பொன்னாடை. கணக்கு சரியாக இருந்தது. பத்து ஐம்பதுக்கு ஏகாம்பரம் வந்தார்.

முன்னாள் நகர்மன்றத் துணைத் தலைவர் ஏகாம்பரத்தை யாரும் அழைக்கவில்லை. அழைக்காத விழாக்களுக்குத் தவறாமல் வருவது அவர் வழக்கம். போன வருடம் ஒரு பள்ளி விழாவில் அவருக்குப் பொன்னாடை விட்டுப்போய், அவர் வாசலிலேயே இரண்டு மணி நேரம் நின்று, கடைசியில் தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனார். டாக்டர் வீரபாகு மேடையிலிருந்தபடியே எலக்ட்ரீஷியன் லூர்துசாமியைக் கண்ணால் அழைத்தார்.

"எங்கிருந்தாவது ஒண்ணு கொண்டா" என்றார் உதடு அசையாமல்.

ஐந்தே நிமிடத்தில் ஒரு பொன்னாடை வந்தது. ஏகாம்பரத்தின் தோளில் ஏறியது. கைதட்டினார்கள். அமைச்சர் மைக்கைப் பிடித்தார்.

மேடைக்குப் பின்னால் தமயந்தி நின்றிருந்தாள். அமைச்சர் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல அவளை அங்கே நிறுத்தியிருந்தார்கள். அமைச்சர்கள் எதுவும் கேட்பதில்லை என்பதால் அவள் கையிலிருந்த சின்ன மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் கரண்டு அதில் ஒன்பது இலக்கங்களில் தெரியும். கடைசி இலக்கம் ஐந்து. பதினான்கு மாதமாக ஐந்து.

அது ஏழானது.

பிறகு இரண்டு. அதற்கு முந்தின இலக்கமும் நகர்ந்தது. அதற்கு முந்தினதும்.

அவள் திரையை நிமிர்ந்து பார்த்தாள். அறுபதும் பச்சை. ஒரு மஞ்சள்கூட இல்லை. பதினேழு பச்சை. ஒவ்வொரு படுக்கையும் கடைசியாகப் பச்சையாக இருந்தபோது கேட்டதை அவளுடைய நாலு வரிகள் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தன.

"பாருங்கள்!" என்றார் அமைச்சர் திரையைக் காட்டி. "இந்த நிமிடத்தில், இந்த மாடியில், ஒரே ஓர் இதயம்கூடத் தடுமாறவில்லை!" கைதட்டல் எழுந்தது.

தமயந்தி மேடையோரமாக நடந்து கற்பகவல்லியிடம் போனாள்.

"சிஸ்டர், திரை பொய் சொல்லுது. பதினேழைப் போய்ப் பாருங்க. இப்பவே."

"தட்டை யார்கிட்டக் குடுக்கிறது?"

"கீழ வைங்க."

"பொன்னாடைத் தட்டைக் கீழ வைக்கவா?" கற்பகவல்லி அக்கம்பக்கம் பார்த்தாள். அருகில் இருந்த கை டாக்டர் வீரபாகுவின் கைதான். அமைச்சர் பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டை அதில் வைத்துவிட்டுப் போனாள். போகிற வழியில் கண்ணாடிப் பேழையைத் திறந்து, பழங்காலக் கருவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

செய்யது வியர்த்துச் சாம்பல் நிறமாகிக் கிடந்தார். விரல் பெல்லின் மேலேயே இருந்தது. அழுத்தியிருக்கவில்லை.

"ஏன் பாய் அடிக்கல?" என்றாள் கற்பகவல்லி, ஸ்டெதஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்து.

"அமைச்சர்... போயிட்டாரா?"

அவள் பதினைந்து வினாடி கேட்டாள். தாவாரத்தில் நின்று கத்தினாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த டாக்டர்களில் இரண்டு பேர் ஓடினார்கள். மற்ற டாக்டர்கள், பின்வரிசைக்காரர்களுக்கு மறைக்காதபடி குனிந்து ஓடினார்கள்.

இன்னும் ஐம்பத்தொன்பது படுக்கைகள். ஒரு ஸ்டெதஸ்கோப். தமயந்தி பெட்டி அறைக்கு ஓடினாள். வாசலில் லூர்துசாமி நின்றிருந்தார்.

"அண்ணே, இந்த ரூம்ல எதையாவது தொட்டீங்களா?"

"இல்ல மேடம். ஒரு சுவிட்சக்கூடத் தொடல."

"எதையாவது மாத்தினீங்களா? எதையாவது எடுத்தீங்களா?"

லூர்துசாமி கழுத்தைச் சொறிந்தார். "அந்தப் பொன்னாடைய மட்டும் எடுத்தேன். ஒண்ணு கொறஞ்சுதுல்ல. தூசியத் தட்டிட்டுத்தான் குடுத்தேன் மேடம்."

ஒரு துணிக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தமயந்திக்குப் புரியவில்லை. ஆனால் காலையில் இருந்ததில் இப்போது இல்லாதது அது ஒன்றுதான். யோசித்துக் கொண்டிருக்கிற நேரமில்லை. எது இருந்ததோ அதைத் திரும்ப வைத்துவிட வேண்டும்.

அவள் கூட்ட அறைக்குத் திரும்பி வந்து, முன்வாசல் வழியாகவே போய், மேடைப் படியேறி, ஏகாம்பரத்தின் முன்னால் நின்றாள். அவர் தனக்கு இன்னொரு மரியாதை வருகிறது என்று எண்ணிப் பாதி எழுந்து தலையைக் குனிந்தார். அவள் அவர் தோளிலிருந்து பொன்னாடையை உருவினாள்.

பொன்னாடை போர்த்துவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். கழற்றுவதை அந்த அறையில் இருந்த எவரும் அதுவரை பார்த்ததில்லை. அமைச்சர் பேச்சை நிறுத்தினார்.

"என்னம்மா இது?" என்றார் ஏகாம்பரம். குரல் குழந்தையுடையது போலிருந்தது.

"மன்னிச்சிடுங்க அண்ணாச்சி. இது உங்களோடது இல்ல. மெஷினோடது."

அவள் இறங்கி ஓடிவிட்டாள். டாக்டர் வீரபாகு தட்டுடன் நின்றார். அந்த அமைதியில்தான் அமைச்சர் ஏன் அமைச்சராக இருக்கிறார் என்பது எல்லாருக்கும் விளங்கியது. அவர் தன் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து ஏகாம்பரத்துக்குப் போர்த்தி, கட்டிப்பிடித்து, புகைப்படக்காரரைப் பார்த்தார். அடுத்த தேர்தலில் ஏகாம்பரத்துக்கு ஆலங்கரைத் தொகுதி கிடைத்தது அந்தப் படத்தால்தான்.

பெட்டி அறையில் தமயந்தி பொன்னாடையை விரித்துப் போட்டாள். சரிகைக் கரை படபடவென்று ஆடியது. அவள் அதையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். கூரையிலிருந்த ஏசியின் காற்று நேராகப் பெட்டியின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"காத்தா?" என்றார் லூர்துசாமி.

"காத்துதான். உள்ள விரல் நீளத்துல ஒரு ரெசிஸ்டர் இருக்கு. எவ்வளவு கரண்டு ஓடுதுன்னு பெட்டிக்குச் சொல்றது அது. காத்துப் பட்டு ஒரு முனை மட்டும் குளுந்துதுன்னா தப்பாச் சொல்லும். பெட்டி அதை நம்பிக் கரண்டை மாத்தும்."

"அப்ப உங்க கெப்பாசிட்டரு?"

தமயந்தி பொன்னாடையின் நாலு பக்கத்தையும் இழுத்துவிட்டாள்.

"அப்ப எந்தத் துணி போட்டிருந்தாலும் நின்னிருக்குமா மேடம்?"

அவர் தோளில் ஒரு துண்டு கிடந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள்.

ஒன்பது நிமிடத்தில் கடைசி இலக்கம் ஐந்துக்கு வந்து நின்றது. திரையில் மூன்று மஞ்சள், ஒரு சிவப்பு. பதினேழின் சிவப்பு அரை மணி கழித்து மஞ்சளாகி, சாயங்காலம் பச்சையானது.

செய்யது பிழைத்துக்கொண்டார். தாமதமானதில் இதயத்தின் ஒரு மூலை செத்துப்போயிருந்தது. கல்லாவில் உட்காரலாம், மாவு வீசக் கூடாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது தமயந்தி நாலு வரி புரோகிராம் பற்றி அவரிடம் சொன்னாள். யாரும் கேட்காமல்தான் சொன்னாள்.

செய்யது விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"பழைய புரோட்டாவைச் சூடு பண்ணிக் குடுத்திருக்கீங்க" என்றார் கடைசியில். "நானும் குடுத்திருக்கேன். ஆனா தின்னவன் யாருக்கும் கை போகல."

அன்று மாலையே தமயந்தி அந்த நாலு வரிகளை அழித்தாள். டாக்டர் வீரபாகுவிடம் அனுமதி கேட்கவில்லை.

விசாரணைக் குழு ஒன்று வந்தது. திரையைப் பார்க்க ஆள் இல்லாததையும், ஏழு நர்சுகள் திரும்ப வேண்டும் என்பதையும் தமயந்தி எழுதிக் கொடுத்தாள். குழு எல்லாவற்றையும் ஆராய்ந்து, மாநிலத்தின் முப்பத்தெட்டு இதயக் காந்த நிலையங்களுக்கும் பெட்டிக்கு ஒரு பொன்னாடை வீதம், செந்நிறம், சரிகைக் கரை, கட்டாயம் வழங்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. பொன்னாடையை எவரும் எடுத்துச் செல்லாமல் காக்க ஒரு பொறுப்பாளரும் தேவை என்றது.

"நர்ஸ்?" என்று கேட்டாள் கற்பகவல்லி, ஆணையை வாங்கிக்கொண்டு.

"பொறுப்பாளராக உங்களைத்தான் போட்டிருக்கு" என்றார் டாக்டர் வீரபாகு. அவர் தன் மேடைப் பேச்சில் இப்போது மரபும் அறிவியலும் என்று ஒரு பகுதி சேர்த்திருந்தார்.

ஆணை வந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, தமயந்திக்குப் பாராட்டு விழா. சிறிய விழாதான். லூர்துசாமி வந்திருந்தார். செய்யது கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். டாக்டர் வீரபாகு முழுமையான அமைதியிலிருந்து தொடங்கி, இருபது நிமிடம் பேசினார். கற்பகவல்லி தட்டுடன் வந்து நின்றாள். தமயந்தி தலை குனிந்தாள். அவள் புடவையில் குங்குமம் கொட்டியது.

தட்டின் மூலையிலிருந்துதான் கொட்டியது. வெல்வெட்டுக்கு அடியில் ஒரு சின்ன வட்டத் துளை. தமயந்தி குனிந்தவாக்கிலேயே அடுத்த மூலையைப் பார்த்தாள். அங்கேயும் ஒன்று. நாலு மூலையிலும் ஒவ்வொன்று, திருகாணி போகிற அளவுக்கு.

"என்ன மேடம், ஒழுகுதா?" என்றாள் கற்பகவல்லி. "சொன்னேன்ல." அவள் தட்டை உயரத் தூக்கிக் காட்டினாள்.

மின்னுகிற அடிப்பக்கத்தின் நடுவில், அழியாத மை பேனாவால், "மூடி. இந்தப் பக்கம் மேலே" என்று எழுதியிருந்தது.

அது தமயந்தியின் கையெழுத்து.